தனி வீடு, ஞாயிறு நாலு மணிக்கு மட்டும்

மணி மூன்று நாற்பது. கட்டில்காரரின் மனைவி போன் செய்ய இன்னும் இருபதே நிமிடம்தான் இருந்தது. பேக்கரிக்காரரோ பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு சாவகாசமாகப் பல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, சீக்கிரம் வெளிய வாங்க! நாலு மணிக்கு நீங்க இந்த வீட்லயே கிடையாது!" என்று கதவைத் தட்டினார் கட்டில்காரர்.

"இல்லாத ஆளுக்குப் பல்லு இருக்கக் கூடாதாப்பா?" என்று நுரையோடு பதில் வந்தது.

"பல்லு இருக்கட்டும்ணே. பிரஷ் இருக்கறதுதான் பிரச்சினை. நாலு பிரஷ்ல மூணை எடுத்து ஒளிச்சு வைக்கணும், உங்களோடது வாய்க்குள்ள இருக்கு!"

வீடு என்று மரியாதைக்குச் சொல்லலாம். ஒரு பெரிய அறை, ஒரு சமையலறை, ஒரு பாத்ரூம், அவ்வளவுதான். அதில் நான்கு ஆண்கள், இரண்டு இரண்டடுக்குக் கட்டில்கள்.

கட்டில்காரர் கட்டில் விற்பவரல்லர், பூட்டுபவர். மரச்சாமான் கடையிலிருந்து பலகை பலகையாகப் போய் இறங்கும் கட்டிலையும் பீரோவையும் வாங்கியவர் வீட்டுக்கே போய்த் திருகு முடுக்கி நிறுத்திவிட்டு வருவது அவருடைய வேலை. பகலெல்லாம் ஏழெட்டுக் குடும்பங்களுக்குப் படுக்கையறை அமைத்துக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து ஏணி பிடித்து மேல்தட்டில் ஏறிப் படுப்பார். அவருக்குக் கீழ்த்தட்டில் பஸ் டிரைவர். தூக்கத்திலும் பிரேக் போடுகிற மனிதர். அவர் ஒரு மிதி மிதித்தால் கட்டில் மொத்தமும் குலுங்கி நிற்கும். எதிர்க் கட்டிலில் கீழே பேக்கரிக்காரர், நால்வரில் மூத்தவர். அவர் தொட்ட சுவிட்சிலெல்லாம் மாவு இருக்கும். மேலே லிஃப்ட் மெக்கானிக், வயதில் சின்னவர். சும்மா இருக்கிற எதையும் கழற்றிப் பார்க்காமல் அவருக்குத் தூக்கம் வராது. அறையின் ஃபேனில் உடைந்த இறக்கைக்குப் பதிலாக எங்கிருந்தோ ஒரு கறுப்பு இறக்கையைக் கொண்டுவந்து மாட்டியவர் அவர்தான். இரண்டு வெள்ளை, ஒரு கறுப்பு. சுற்றும்போது ஃபேன் கண்ணடிப்பது போலிருக்கும்.

வாரத்தில் ஆறு நாளும் சண்டைதான். ஈரத் துண்டை யார் யார் தலையணைமேல் போட்டது, தண்ணீர் போகும் சல்லடையில் அடைத்துக்கொண்ட முடி யாருடையது என்று. முடி விவகாரத்தில் வழுக்கைத் தலை டிரைவர் மட்டும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடப்பார். உப்புச் சண்டை முற்றிப்போய், சமையலறையில் ஆளுக்கொரு உப்பு டப்பா வந்துவிட்டது. பாத்ரூம் கதவுக்கு உள்பக்கம் ஒரு டைம்டேபிளே ஒட்டியாகிவிட்டது.

ஆனால் ஞாயிறு நாலு மணிக்கு இந்த நாலு பேரும் ஒரே ஆளாகிவிடுவார்கள். அந்த ஒரே ஆள் கட்டில்காரர். மற்ற மூவரும் அப்போது உலகத்தில் கிடையாது.

காரணம் ஒரு பொய். பெரிய பொய்கூட இல்லை, வாய் தவறியதுதான். இரண்டு வருடங்களுக்கு முன்னால் வேலைக்காக வெளிநாடு கிளம்பியபோது, "ஆறே மாசம். தனி வீடு பாத்துட்டு ரெண்டு பேரையும் கூட்டிக்கறேன்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார். சரியாக ஆறாவது மாதம் மகள் போனில் கேட்டாள்: "அப்பா, வீடு பாத்தாச்சா?"

'பாத்துட்டே இருக்கேன்' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"பாத்தாச்சுடா கண்ணு."

"எனக்குத் தனி ரூம் இருக்கா?"

"இருக்கு."

"மஞ்சள் கலரா?"

"மஞ்சளேதான்."

ஒரே நிமிடத்தில் வீட்டைக் கட்டி, அறை பிரித்து, பெயின்ட்டும் அடித்துவிட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டைக் காட்டாமல் எப்படி இருப்பது?

ஆரம்பத்தில், ஞாயிறு நாலு மணிக்கு மற்ற மூவரும் தெருவுக்குப் போய் நிற்பதாக ஏற்பாடு. பத்து நிமிடப் பேச்சு ஒரு மணி நேரமானது. அப்புறம் மழைக்காலம் வந்தது. "லீவு நாள்ல நனையறதுக்கா நான் வாடகை குடுக்கறேன்?" என்று டிரைவர் கொடி பிடிக்க, உள்ளேயே ஒளிந்துகொள்வதென்று முடிவாயிற்று. பேக்கரிக்காரர் கட்டிலுக்கு அடியில், மற்ற இருவரும் பீரோவுக்குள்.

பிறகு மழை நின்றது. ஆனால் யாரும் தெருவுக்குப் போகவில்லை.

அந்தக் குழந்தையின் குரல்தான் காரணம். பேக்கரிக்காரருக்கு வளர்ந்த மகன் ஒருவன் இருந்தான். போன் செய்தால் "ம்" என்பான், "சரி" என்பான், வைத்துவிடுவான். கட்டிலுக்கு அடியில் குப்புறப் படுத்தபடி இவள் பள்ளிக்கூடக் கதையைக் கேட்கிற அந்த ஒரு மணி நேரத்துக்காக அவர் வாரம் முழுக்கக் காத்திருந்தார். அவளுடைய முன்பல் ஆடத் தொடங்கியபோது பீரோவுக்குள் இருந்த இரண்டு பேரும் கவலைப்பட்டார்கள். விழுந்த அன்று ராத்திரி சாப்பாட்டில் அதைப் பற்றித்தான் பேச்சு. "ரத்தம் வந்துச்சாமா? அழுதாளாமா?" என்று டிரைவர் கேட்க, "நீங்களும்தான் உள்ள இருந்து கேட்டீங்களே!" என்றார் மெக்கானிக். "இல்லப்பா, அந்த நேரம் பாத்து நீ மூக்கை உறிஞ்சிட்ட" என்றார் டிரைவர்.

அவள் இப்போதெல்லாம் மெதுவாகத்தான் பேசினாள். முன்பு போனை எடுத்தால் தெருவுக்கே கேட்கும்படிக் கத்துவாள். சில மாதங்களாக எல்லாமே கிசுகிசுப்புதான். வளர்ந்துவிட்டாள் என்று கட்டில்காரர் நினைத்துக்கொண்டார். கத்துகிற மகளை அவர் விட்டுவிட்டு வந்திருந்தார். திரும்பப் போய்ப் பார்க்கும்போது அந்தக் குழந்தை இருக்கமாட்டாள்.

மனைவியும் மாறித்தான் போயிருந்தாள். ஏழு மாதமாக ஒரே நீலத் திரைக்கு முன்னால் உட்கார்ந்துதான் பேசினாள். வேறு நாள், வேறு நேரம் கூப்பிட்டால் எடுப்பதில்லை. அவருக்கோ ஊரிலிருக்கும் தங்கள் வீட்டின் பின்பக்க ஜன்னலை ஒரு தடவை பார்த்தால் போதும் என்றிருந்தது. அவர் கையால் சட்டம் செதுக்கி மாட்டிய ஜன்னல். இடது கதவு மட்டும் மழைக்கு உப்பிக்கொண்டு மூட மறுக்கும். அவள் தோளால் ஒரு இடி இடித்துச் சாத்துவாள். அந்த இடி சத்தத்தை நினைத்துக்கொண்டு மேல்தட்டில் எத்தனையோ நாள் விழித்துக் கிடந்திருக்கிறார்.

"வீட்டை ஒரு தடவை சுத்திக் காட்டேன்" என்று கேட்டால், "பெயின்ட் அடிக்கறாங்க, எல்லாம் போட்டது போட்டபடி கெடக்கு" என்பாள். ஏழு மாதமாகவா பெயின்ட் அடிப்பார்கள்? கேட்டிருக்கலாம். ஆனால் தானே ஒரு அறையை மூன்று அறையாக்கிக் காட்டுகிறவனுக்கு அடுத்தவரைக் குறுக்கு விசாரணை செய்ய வாய் வருமா? வரவில்லை.

போன ஞாயிறுதான் குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"என்னங்க, விசா பேப்பரெல்லாம் வந்துடுச்சு. டிக்கெட் எடுத்தா அடுத்த மாசமே நாங்க வந்துடலாம். அதுக்கு முன்னாடி வீடு முழுசையும் நான் பாக்கணும். இத்தனை நாள் மாதிரி இல்ல. சிக்னல் இல்லன்னு போனை வெட்டக் கூடாது. நடந்துகிட்டே ஒவ்வொரு ரூமாக் காட்டணும். பாத்த கையோட டிக்கெட் எடுத்துடுவேன்."

அவள் குரலில் ஒரு பசி இருந்தது. வீடு பார்க்கிற பசி. அது அவருக்குப் புரியவில்லை. தனியாக ஒரு வீட்டை ஆண்டுகொண்டிருக்கிறவளுக்கு இன்னொரு வீட்டின்மேல் இவ்வளவு ஏக்கம் எதற்கு?

இதுவரை நடந்ததெல்லாம் எளிது. ஹாலைக் காட்டி, போனை வெட்டி, கட்டிலைக் கழற்றிப் பூட்டி, மறுபடி கூப்பிட்டால் படுக்கையறை. வெட்டக் கூடாது என்றால் என்ன செய்வது? உண்மையைச் சொல்லிவிட்டால் டிக்கெட் போய்விடும். இன்னும் எத்தனை வருடம் நீலத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பது? டிக்கெட் மட்டும் எடுத்துவிட்டால், அந்த ஒரு மாதத்துக்குள் ஓடியாடி நிஜ வீடு ஒன்றைப் பிடித்துவிடலாம். அது அவர் கணக்கு.

வழி சொன்னவர் லிஃப்ட் மெக்கானிக்.

"அண்ணே, லிஃப்ட்ல ஆளு நின்ன இடத்துலயே நிக்கறான். கதவு மூடித் தொறந்தா மாடி மாறிடுது. அதே மாதிரிதான். நீங்க போனை எடுத்துட்டு கிச்சனுக்குள்ள போய்க் கதவைச் சாத்துங்க. வெளிய வர்றப்ப ரூம் மாறியிருக்கும்."

சனிக்கிழமை மத்தியானம் ஒத்திகை நடந்தது. ஹாலைப் படுக்கையறையாக்க நான்கு நிமிடம். படுக்கையறையைக் குழந்தை அறையாக்க மூன்றரை. சத்தம் கேட்காமலிருக்க ஸ்பானருக்கெல்லாம் பழைய சாக்ஸ் மாட்டினார்கள். மகளுக்கென்று ஒரு சுவருக்கு மட்டும் மஞ்சள் அடித்து, அதைப் போர்வை கட்டி மறைத்தார்கள். கடைசியில் அவிழ்த்தால் குழந்தை அறை. பீரோவுக்கு ஹாலில் நீலத் துணி, படுக்கையறையில் துணி கிடையாது, குழந்தை அறையில் காகிதப் பூ. அந்தப் பீரோ கடையில் கழித்துப் போட்டது. கீலில் இரண்டு திருகு இல்லை. ஊரெல்லாம் போய் முடுக்கி வந்த கட்டில்காரருக்குத் தன் பீரோவுக்குத் திருகு போட மட்டும் நேரம் கிடைத்ததில்லை.

இதற்கிடையில் இன்னொரு ஒத்திகையும் நடந்துகொண்டிருந்தது. மகளுக்குப் பள்ளி நாடகத்தில் குடை வேஷம். "அப்பா, நீங்களும் என் வசனத்தை மனப்பாடம் பண்ணிக்கணும். நான் மறந்தா எடுத்துக் குடுக்கணும்" என்று போன வாரம் கிசுகிசுத்திருந்தாள். கட்டில்காரர் தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினார். அவர் படித்தாரோ இல்லையோ, மற்ற மூவரும் படித்தார்கள். டிரைவர் ஒவ்வொரு சிக்னலிலும் சொல்லிப் பார்த்ததில், முன்சீட்டில் உட்கார்ந்த ஒருவர் பயந்து பின்னால் போய்விட்டாராம்.

மணி நான்கு. பேக்கரிக்காரர் வாயைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து கட்டிலுக்கு அடியில் புகுந்தார். போன் அடித்தது.

"அப்பா!" கிசுகிசுப்பு. நீலத் திரை. பல் விழுந்த இடத்தில் சின்னதாக ஒரு வெள்ளை முளைத்திருந்தது. கட்டில்காரர் போனை முகத்துக்கு அருகில் கொண்டுவந்து அதைப் பார்த்தார்.

"காட்டுங்க" என்றாள் மனைவி. அலங்கரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், ஏதோ விசேஷத்துக்குப் போகிறவள் போல.

"இது ஹாலு. இது சோபா." மேல்தட்டு போனில் படாதபடி பிடித்ததில், மெத்தையைச் சாய்த்து வைத்த கீழ்த்தட்டு சோபாவாக மானத்தைக் காத்தது. "இது வாசக்கதவு."

"அது என்ன, நாலு ஜோடி செருப்பு?"

கட்டில்காரர் கீழே பார்த்தார். பிரஷ்ஷை ஒளித்தவர்கள் செருப்பை மறந்திருந்தார்கள்.

"என்னோடதுதான்."

"ஒண்ணு பெருசு, ஒண்ணு சின்னதா இருக்கே!"

"காலைல ஒரு சைஸ், சாயங்காலம் ஒரு சைஸும்மா. நின்னு நின்னு வேலை பாக்கறதுல கால் கொஞ்சம் வீங்குது."

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்கே உறைத்தது. மனைவியின் முகம் மாறியது.

"வீங்குதா? எத்தனை நாளா? டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. வா, கிச்சனைப் பாரு." சமையலறைக்குள் பாய்ந்து கதவைச் சாத்தினார். முதுகுக்குப் பின்னால் சாக்ஸ் மாட்டிய ஸ்பானர்கள் வேலையை ஆரம்பித்தன. நான்கு நிமிடம் ஓட்ட வேண்டும். குழாயைத் திறந்து காட்டினார். மூடிக் காட்டினார். மறுபடி திறந்தார்.

"குழாயை நான் முன்னாடியே பாத்திருக்கேங்க. அந்த அலமாரியைக் காட்டுங்க. என்னது, நாலு டப்பா?"

"உப்பு."

"நாலுமா?"

"ஆமா. வீட்ல உப்பு தீந்துடக் கூடாதில்ல."

"கால் வீங்கற மனுஷன் இவ்ளோ உப்பா திம்பீங்க?" அவள் போனுக்கு அருகே வந்தாள். "யாரும் கேக்க ஆளில்லன்னு இப்படியா ஒடம்பைக் கெடுத்து வச்சிருக்கீங்க?"

பின்னால் 'ணங்' என்று ஒரு சத்தம். ஏதோ ஒரு சாக்ஸ் கழன்றுவிட்டது.

"அங்க என்னங்க சத்தம்?"

"முட்டி. இப்பல்லாம் நடக்கறப்ப சத்தம் வருது."

யோசிக்காமல் சொன்ன பதில் அது. கதவுக்கு வெளியே மெக்கானிக் தலையில் கை வைத்துக்கொண்டார்.

படுக்கையறை பிரமாதமாக அமைந்திருந்தது. மேல்தட்டு கழன்று ஒற்றைக் கட்டில் ஆகியிருந்தது. விரிப்பில் ஒரு சுருக்கமில்லை. ஆனால் மனைவி விரிப்பைப் பார்க்கவில்லை. "போனைக் கீழ காட்டுங்க. காலைப் பாக்கணும்" என்றாள். காலைக் காட்டினார். சாதாரணக் கால்தான். "இந்த நேரத்துல வீக்கம் தெரியாது" என்று தானே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கட்டிலுக்கு அடியில் பேக்கரிக்காரர் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டு குலுங்கினார்.

அடுத்து பாத்ரூம். நுழைந்ததும் கதவைச் சாத்தினார். சாத்தியதும் டைம்டேபிள் எதிரே வந்து நின்றது. பெயர்களைக் கிழித்திருந்தார்கள். நேரங்கள் அப்படியே இருந்தன. காலை நாலு பத்து. நாலு ஐம்பது. ஐந்தே முக்கால். ஆறேகால்.

"அது என்னங்க டைம்? விடியக்காலைல நாலு தடவை?"

இந்த இடத்தில் கட்டில்காரர் 'குளிக்கிற நேரம்' என்று சொல்லியிருந்தால் நாலு தடவை குளிக்கிற கிறுக்கன் என்ற அளவில் போயிருக்கும். அவரோ பயத்தில் இருந்தார்.

"மருந்து சாப்பிடற நேரம்."

அவ்வளவுதான். அவள் உடைந்துவிட்டாள்.

"நாலு வேளை மருந்தா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே! எனக்கு ஹாலும் வேணாம், ரூமும் வேணாம். டிக்கெட்டும் வேணாம், நீங்க மொதல்ல கெளம்பி இங்க வந்து சேருங்க."

இரண்டு வருட ஆசை டைம்டேபிளில் வந்து முட்டிக்கொண்டு நின்றது. "ஐயோ, அது சும்மா சத்து மருந்தும்மா! வா, பாப்பா ரூமைப் பாரு, மஞ்சள் ரூம்!" என்று கெஞ்சினார். மூன்றரை நிமிடம் ஆகியிருக்கவில்லை. ஒன்றரைதான் ஆகியிருந்தது. கதவைத் திறந்தபோது மெக்கானிக்கின் ஒரு கால் பீரோவுக்குள் போய்க்கொண்டிருந்தது. நல்லவேளை, போன் சுவரைப் பார்த்திருந்தது.

"மஞ்சள்!" என்று மகள் கிசுகிசுப்பிலேயே குதித்தாள். பிறகு மேலே பார்த்தாள். "அப்பா, இந்த ரூம் ஃபேன்லயும் ஒரு றெக்கை கறுப்பு."

"ஒரே கடைல வாங்கினதுடா."

மனைவி ஃபேனையும் பார்க்கவில்லை, மஞ்சளையும் பார்க்கவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். இதை நிறுத்த எந்த அறையைக் காட்டுவது? எல்லா அறையும் தீர்ந்துபோயிருந்தது. கட்டில்காரர் மஞ்சள் சுவரில் சாய்ந்து நின்றார். இவ்வளவு தூரத்திலிருந்து ஒரு கண்ணைக்கூடத் துடைத்துவிட முடியாது என்பது அவருக்கு அன்றைக்குத்தான் முழுதாக விளங்கியது.

"அம்மா அழாதீங்க. நான் குடை வசனம் சொல்றேன்" என்றாள் மகள். எழுந்து நின்று இரண்டு கையையும் விரித்து மடக்கிக் குடையானாள்.

"நான் குடை. மழை பெய்யும்போது எல்லோரும் என்னைத் தேடுவார்கள். மழை இல்லாத நாளில் நான் மூலையில் நிற்பேன். யாரும் என்னைப் பார்க்க மாட்டார்கள். ஆனால்... ஆனால்..."

நின்றுவிட்டாள். உதடு பிதுங்கியது. "அப்பா, மறந்துபோச்சு. எடுத்துக் குடுங்க."

கட்டில்காரர் வாயைத் திறந்தார். மருந்து, உப்பு, முட்டி, டிக்கெட் எல்லாம் சேர்ந்து தலைக்குள் சுற்றின. வசனம் ஃப்ரிட்ஜில் இருந்தது.

"ஆனால்..." என்றாள் மகள் மறுபடியும். கண் நிறைந்துவிட்டது.

"ஆனால் கதவு திறக்கும் சத்தம் கேட்டால்" என்றது பீரோ.

மகள் கண்ணை அகல விரித்தாள்.

"எனக்காகத்தான் என்று நினைத்துக்கொள்வேன்" என்றது கட்டிலுக்கு அடி.

"எத்தனை நாளானாலும் காத்திருப்பேன்!" என்று பீரோவின் இன்னொரு மூலை உணர்ச்சிவசப்பட்டு முடித்தது. அந்த உணர்ச்சியில் கையை வேறு வீசியிருக்க வேண்டும். கீலில் இருந்த மிச்சத் திருகும் பெயர்ந்து, காகிதப் பூவோடு சேர்ந்து கதவு விழுந்தது. அதன்மேல் டிரைவர், டிரைவர்மேல் மெக்கானிக். என்னவோ ஏதோ என்று பதறிக் கட்டிலுக்கு அடியிலிருந்து பேக்கரிக்காரர் தலையை நீட்டினார். நேராகப் போனுக்கு முன்னால் நீட்டினார். தாடையில் பற்பசை காய்ந்திருந்தது.

போனில் யாரும் அசையவில்லை. கறுப்பு இறக்கை மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

"வணக்கம்மா" என்றார் பேக்கரிக்காரர்.

கட்டில்காரர் போனைக் கட்டில்மேல் சாய்த்து வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். இனி மறைக்க ஒன்றுமில்லை.

"இது தனி வீடு இல்லம்மா. இருக்கறது ஒரே ரூமு. நாங்க நாலு பேரு. அந்தச் செருப்பு, உப்பு எல்லாம் இவங்களோடது. பாத்ரூம் கதவுல இருந்தது நாங்க முறை வச்சுக் குளிக்கற நேரம்."

அவள் முந்தானையை முகத்திலிருந்து எடுத்தாள். திட்டப்போகிறாள் என்று நால்வரும் ஒடுங்கினார்கள்.

"அப்ப உங்க கால் வீங்கலையா?"

"இல்ல."

"மருந்து?"

"எதுவும் இல்ல."

"சத்தியமா?"

"நான் சொல்றேம்மா, கல்லு மாதிரி இருக்கான்" என்று குறுக்கே வந்தார் பேக்கரிக்காரர். "தினம் ஏணி ஏறி மேல்தட்டுலதான் படுக்கறான். ஒருநாள்கூட முட்டி சத்தம் போட்டதில்ல."

அவள் பெருமூச்சு விட்டாள். அந்த மூச்சைக் கேட்டதும் கட்டில்காரருக்கு அழுகை வந்தது. மற்ற மூவரும் இருக்கிறார்களே என்று அடக்கப் பார்த்தார். அடங்கவில்லை.

"வீடு பாக்காம இல்லம்மா. பாத்துகிட்டேதான் இருக்கேன். நாலு பேரு சேந்தாத்தான் இந்த ஒண்ணே கட்டுப்படியாகுது. இல்லன்னு சொன்னா நீ வர்றதையே விட்டுடுவியோன்னு பயம். ஞாயித்துக்கிழமை இந்த ஒரு மணி நேரம் இது நம்ம வீடுன்னு நானே நம்பிடுவேன். அந்தக் கட்டில்ல நீ உக்காந்திருக்கற மாதிரி இருக்கும். அதுக்காகத்தான்... எல்லாம் பொய்தான். என்னைத் திட்டு."

அவள் திட்டவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, குனிந்து தரையைப் பார்த்தாள். அழுகிறாளா, சிரிப்பை அடக்குகிறாளா என்று தெரியவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. அவள் பின்னாலிருந்த நீலத் திரையும் லேசாக அசைந்தது.

"பேசும்மா. ஏதாவது சொல்லு."

மகள் அப்பாவைப் பார்த்தாள். விழுந்து கிடந்த டிரைவரையும் மெக்கானிக்கையும் பார்த்தாள். பற்பசைத் தாடையைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு அம்மாவின் பக்கம் திரும்பி, எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு முதல் தடவையாக, தெருவுக்கே கேட்கும்படிக் கத்தினாள்:

"அம்மா! அப்பா ரூம்ல ஒளிஞ்சிருந்த மாமாங்க எல்லாரும் வெளிய வந்துட்டாங்க! நம்ம ரூம்ல கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சிருக்கற மூணு அத்தைங்களும் இனிமே வெளிய வரலாம்ல?"